மூங்கிலுப்பும் கற்றூளும்

சிராங்கூன் சாலையும் அதனைச் சூழ்ந்த தெருக்களும் பழைய தமிழர் வாயில் சுண்ணாம்புக் கம்பம் என்று வழங்கின. கம்பம் என்பது ஈண்டுத் தூணைக் குறிப்பதன்று. சிற்றூரைக் குறிக்கும் கம்போங் என்னும் மலாய்ச் சொல்லே தமிழர் நாவில் கம்பமாயிற்று. சுண்ணாம்புக் காளவாய்கள் அங்கு எரிந்தமையால் அப்பெயர் வந்தது. வீரமாகாளியம்மன் கோயிலும் முன்னாளில் சுண்ணாம்புக் கம்பக் கோயில் என்றே அறியப்பட்டது. அருகிலுள்ள கம்போங் காப்பூருக்கும் பொருள் அதுவே.

சுண்ணாம்பு இவ்வாறு பெயரில் நிலைத்துவிட்டது. அதனோடு சேர்ந்து இந்நகரை எழுப்பிய மற்றொரு பொருளுக்கு அந்தப் பேறு வாய்க்கவில்லை. மணலாகவும் செங்கல்லாகவும் கருங்கல்லாகவும் இருந்த அப்பொருளை வேதியியலார் சிலிக்கா என்பர். மண்ணியம் என்று தமிழில் சொல்லப்படும் சிலிக்கான் ஒரு பங்கும் பிராணவாயு இரு பங்கும் கூடியது அது. நிலவுலகின் மேலோட்டில் பிராணவாயுவுக்கு அடுத்தபடி மிகுதியாக உள்ள தனிமம் சிலிக்கானே. ஆதலின் சிலிக்காவை மிதிக்காமல் ஒருவன் நடக்க முடியாது. ஆனால் அதனை மூச்சில் இழுப்பதும், மருந்தில் விழுங்குவதும், ஊசி வழியே குருதியில் செலுத்துவதும் வெவ்வேறு செய்திகள். இன்று மருத்துவ ஆய்வுக்கூடங்களில் பெரிதும் பேசப்படும் சிலிக்கா நுண்துகளின் வரலாற்றை அறிய விரும்புவோர், அதற்கு முற்பட்ட தூசியின் வரலாற்றிலிருந்து தொடங்குவதே முறை.

1858-ஆம் ஆண்டில் அரசாங்கத்தார் சிராங்கூன் சாலையில் செங்கற்சூளைகளை அமைத்தனர். அங்கு உழைத்தவர்கள் இந்தியாவிலிருந்து நாடு கடத்தப்பட்டு வந்த கைதிகள். அவர்கள் அறுத்துச் சுட்ட செங்கற்களுக்கு 1867-இல் ஆக்ராவில் நடந்த கண்காட்சியில் வெள்ளிப் பதக்கம் கிடைத்தது. செயின்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயமும் 1856 முதல் 1861 வரை இக்கைதிகளின் உழைப்பாலேயே எழுந்தது. அதன் உட்சுவர்ப் பூச்சு சென்னைச் சுண்ணம் எனப்படுவது. சிப்பிச் சுண்ணாம்பு, முட்டையின் வெண்கரு, வெல்லம், தேங்காய் மட்டை ஊறிய நீர் ஆகியவை அதில் சேர்ந்தன. பூச்சு உலர்ந்தபின் படிகக்கல்லாலும் உருண்டைக் கல்லாலும் பளபளப்பு ஏறும் வரையில் தேய்த்தார்கள் என்று, கைதிகளின் மேற்பார்வையாளராயிருந்த மேஜர் மக்நேர் 1899-இல் வெளியிட்ட நூலில் எழுதியுள்ளார். அந்தப் படிகக்கல் வேறொன்றுமில்லை. சிலிக்காவின் தூய வடிவமே.

சுவரைத் தேய்ப்பதால் எழும் தூசி சிறிது. கல்லை உடைப்பதால் எழுவது பெரிது. 1850-51-இல் கட்டப்பட்ட ஹார்ஸ்பர்க் கலங்கரை விளக்கத்துக்குக் கருங்கல் புலாவ் ஊபின் தீவிலிருந்து சென்றது. பின்னர் ஜோகூர் நீரிணைக்குக் குறுக்கே 1919-இல் தொடங்கி 1924-இல் முடிந்த பாலச்சாலைக்கும் ஊபினும் புக்கிட் தீமாவுமே கல் தந்தன. கருங்கல்லில் 20 விழுக்காட்டுக்கு மேல் படிகச் சிலிக்கா இருக்கும். உளியும் சம்மட்டியும் இருந்த காலத்தில் எழுந்த தூசி ஒரு மடங்கு. வெடிமருந்தும், காற்றழுத்தத் துளைக்கருவியும், கல் அரைக்கும் எந்திரமும் வந்தபின் எழுந்தது பன்மடங்கு. கண்ணுக்குப் புலப்படும் தூசி மூக்கிலும் தொண்டையிலும் தங்கிச் சளியோடு வெளியேறிவிடும். ஒரு மில்லிமீட்டரை ஆயிரம் கூறிட்டு, அதில் ஐந்து கூறுக்கும் குறைந்த அளவுள்ள தூசிதான் நுரையீரலின் கடைசிச் சிற்றறைவரை சென்று சேர்கிறது. அதனைக் கண் காணாது.

இந்நோய் புதியதன்று. 1556-இல் அச்சேறிய சுரங்கக்கலை நூலில் ஜெர்மானியரான அகிரிகோலா, சுரங்கத் தூசியால் கணவன்மாரை அடுத்தடுத்து இழந்து ஏழு முறை மணந்த பெண்களும் கார்ப்பாத்திய மலைநாட்டில் உண்டு எனக் குறித்தார். 1700-இல் இத்தாலிய மருத்துவர் ரமத்சீனி, கல்தச்சரின் மூச்சுக் கோளாறுகளைத் தொழில்நோய்களின் வரிசையில் சேர்த்தார். சிலிக்கோசிஸ் என்னும் பெயரை விஸ்கோந்தி என்பார் 1870-இல் இட்டார். ஆயினும் உலக நாடுகளின் அறிஞர் இதற்கென்றே ஒன்றுகூடியது 1930-இல், தென்னாப்பிரிக்காவின் ஜோகன்னஸ்பர்க் நகரில்தான். தங்கச் சுரங்க முதலாளிகளுக்கு நட்டஈட்டுச் சுமை ஏறியதும் அம்மாநாட்டுக்கு ஒரு காரணம் என்பதை மறைப்பதற்கில்லை. அகிரிகோலாவுக்கும் ஜோகன்னஸ்பர்க்கிற்கும் இடையே 374 ஆண்டுகள்!

தமிழர் இதனை மிகுதியாக அறிந்த இடம் கோலார் தங்கவயல். ஜான் டெய்லர் கம்பெனி 1880-இல் அங்குக் கால்கொண்டது. வட ஆர்க்காட்டிலிருந்தும் பிற தமிழ் மாவட்டங்களிலிருந்தும் குடும்பம் குடும்பமாகச் சென்றவர்கள் அதன் சுரங்கங்களில் இறங்கினார்கள். அங்குத் தங்கம் படிகக்கல்லின் நரம்புகளிலேயே ஓடிற்று. ஆகவே தங்கம் எடுப்பதென்றால் சிலிக்காவைத் தூளாக்குவதென்றே பொருள். சாம்பியன் ரீஃப் சுரங்கம் 3 கிலோமீட்டருக்கும் மேல் ஆழம் சென்றது. இந்தியாவில் சிலிக்கோசிஸ் முதன்முதல் மருத்துவ உலகுக்கு அறிவிக்கப்பட்டது கோலாரிலிருந்தே; ஆண்டு 1947. சுரங்கம் தொடங்கி 67 ஆண்டுகள் கழிந்திருந்தன. இரண்டு தலைமுறையினர் இருமியபின் வந்த அறிவிப்பு அது. 2001 பிப்ரவரி 28-இல் சுரங்கம் மூடப்பட்டது. ஆனால் நுரையீரலில் படிந்த தூசி வேலையை விட்டு விலகுவதில்லை. தூசியிலிருந்து நீங்கிய பின்னும் நோய் வளரக்கூடும் என்பதே இதன் கொடுமை.

முற்காலத்தில் கல்லுடைப்போன் இருமினால் அதனைக் காசம் என்றே பெரும்பாலும் எண்ணினர். அதில் அரை உண்மை உண்டு. சிலிக்கா படிந்த நுரையீரலில் காசநோய்க் கிருமி எளிதில் குடியேறும். சிங்கப்பூரிலும் சிலிக்கோசிஸ் கருங்கற் சுரங்கத் தொழிலாளரிடமே மிகுதியாகக் காணப்பட்டது. காசநோய்க்கு அடைக்கலமாக விளங்கிய டான் டொக் செங் மருத்துவமனை 1909 வரையில் சிராங்கூன் சாலையில்தான் இருந்தது என்பதை இங்கு நினைவுகூரலாம். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு, மோல்மீன் சாலையில் இருந்தபோது, அது காசநோய்ச் சிகிச்சைக்கே சிறந்து நின்றது.

கல் எவ்வாறு நஞ்சாகிறது? நுரையீரலில் அந்நியப் பொருள்களை விழுங்கி அழிக்கும் உயிரணுக்கள் உள்ளன. அவை கிருமியை விழுங்கினால் செரித்துவிடும். படிகச் சிலிக்காவை விழுங்கினாலோ அதன் மேற்பரப்பு உயிரணுவின் உள்ளறைச் சவ்வைக் கிழிக்கிறது. உள்ளிருந்த செரிமானப் பொருள் சிந்துகிறது, அணு மடிகிறது, மடியும்போது அழற்சியை எழுப்பும் செய்திகளை விடுக்கிறது. வெளிவந்த அதே துகளை அடுத்த அணு விழுங்குகிறது. இவ்வாறு மீண்டும் மீண்டும் நிகழ நுரையீரல் தழும்பேறி இறுகுகிறது. அழற்சியை எழுப்பும் அந்த உட்கருவி எதுவென்பது 2008-இல் வெளியான ஆய்வுகளால் தெளிவாயிற்று. மேற்பரப்பின் எந்தக் கூறு சவ்வைக் கிழிக்கிறது என்பதை 2020-இல் இத்தாலிய, பெல்ஜிய ஆய்வாளர்கள் காட்டினர். பிராணவாயுவும் ஐதரசனும் இணைந்த சிறு முனைகள் சிலிக்காவின் மேல் முளைத்திருக்கும். அவை ஒன்றற்கொன்று ஒரு குறிப்பிட்ட இடைவெளியில், ஏறத்தாழத் தனித்து நிற்கும்போதே தீங்கு விளைகிறது. புதிதாக உடைந்த படிகத்தில் அத்தகைய முனைகள் தோன்றுகின்றன. படிகமல்லாத சிலிக்காவிலும் சில வகைகளில் அவை உண்டு. படிகமே தீது, அல்லாததெல்லாம் நன்று என்ற பழைய கோடு இதனால் சற்றுக் கலைந்தது.

நிற்க. சிலிக்கா நெஞ்சைக் கெடுப்பது என்று மட்டும் கொண்டால் கதை பாதியே ஆகும். இருமலுக்கு மருந்தாகவும் அது நம்மவரிடம் நெடுங்காலம் இருந்துள்ளது!

சித்த மருத்துவரும் ஆயுர்வேத மருத்துவரும் மூங்கிலுப்பு என்ற ஒன்றைக் கையாள்வர். முற்றிய பெண்மூங்கிலின் கணுக்களுக்கிடையே ஊறும் நீர் வற்றி, வெண்ணிறமாகவோ நீலம் பாய்ந்தோ கட்டியாகிக் கிடப்பது அது. வம்சலோசனம் என்பது அதன் வடமொழிப் பெயர். இருமலுக்கு வழங்கும் சிதோபலாதி சூரணத்தில் இஃது ஓர் உறுப்பு. அரபு வணிகர் இதனைத் தபாஷீர் என்ற பெயரால் மேற்கே கொண்டு சென்றனர். உப்பு என்ற பெயரைக் கண்டு உவர்க்கும் என எண்ணவேண்டா. நாவில் வைத்தால் ஒட்டிக்கொள்ளும், அவ்வளவே. கடைகளில் இப்பெயரால் கூகைக்கிழங்கு மாவும் செயற்கைப் பொருளும் விற்கப்படுவதுண்டு என்பதையும் சொல்லிவைக்க வேண்டும்.

கம்பெனியின் இயற்கைநூல் அறிஞராக விசாகப்பட்டினத்தில் இருந்த பாட்ரிக் ரசல், பாம்புகளைப் பற்றிய நூலால் பெயர்பெற்றவர். இலண்டன் ராயல் சொசைட்டிக்கு அவர் மூங்கிலுப்பைப் பற்றி எழுதிய கட்டுரை 1790-இல் வெளிவந்தது. மறு ஆண்டே ஜேம்ஸ் லூயி மாசி என்னும் இளைஞர் அதனைச் சுட்டும் கரைத்தும் சோதித்து, மூங்கிலின் வயிற்றில் விளைந்தது கல்லின் சாரமான சிலிக்காவே என முடிவு கண்டார். இந்த மாசி பின்னாளில் சுமித்சன் எனப் பெயர் மாற்றிக்கொண்டார். வாஷிங்டன் நகரின் சுமித்சோனியன் நிலையம் அவர் விட்டுச் சென்ற பொருளால் அமைந்தது. 1819-இல் டேவிட் புரூஸ்டர், மூங்கிலுப்பு ஒளியை மிகக் குறைவாகவே வளைப்பதைக் கண்டு, அதன் உள்ளே எண்ணற்ற நுண்துளைகள் இருத்தல் வேண்டும் என உணர்ந்தார். நுண்துளைச் சிலிக்கா என்று இன்று மருத்துவ ஆய்வாளர் போற்றும் பொருளுக்கு, உறவு முறையில் இது பாட்டன் எனலாம். நம் மருத்துவர் அறிந்து பயன்படுத்தினர் என்று பெருமை பேசுவதற்கு இதில் இடமில்லை. துளையின் பயனை அவர்கள் அறியார். ஆயின் பொருள் அவர்கள் பெட்டியில் இருந்தது.

மூங்கில் மட்டுமன்று, நெல்லும் சிலிக்காவை மண்ணிலிருந்து உறிஞ்சி உமியில் சேர்க்கிறது. உமியை எரித்த சாம்பலில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்கு வரை சிலிக்கா இருக்கலாம். பாட்டிமார் உமிக்கரியால் பல் துலக்கியதும், இன்றைய பற்பசையில் சிலிக்கா சேர்ப்பதும் ஒரே தேய்க்கும் குணம் பற்றியே. இதில் ஒரு நுட்பம் உண்டு. உமி மிதமான வெப்பத்தில் எரிந்தால் கிடைப்பது படிகமல்லாத சிலிக்கா. நெருப்பு மிகக் கடுமையானால் அதே சாம்பல் கிறிஸ்டோபலைட் என்னும் படிகமாக மாறும். அதன் தூசி நுரையீரலுக்குப் பகை. பொருளின் பெயரைக் கேட்டவுடன் நன்று தீது சொல்ல முயல்வோர்க்கு அடுப்படியிலேயே விடை இருக்கிறது.

இனி நுண்துகளுக்கு வருவோம். 1942-இல் ஜெர்மனியின் டெகுசா நிறுவனத்தில் ஹாரி குளோப்பர் என்பார் தீச்சுடரில் மிக நுண்ணிய சிலிக்காப் பொடி செய்யும் முறையைக் கண்டார். அவ்வகைப் பொடியே இன்று மாத்திரைகளில் மருந்துத்தூள் கட்டிபடாமல் ஒழுகுவதற்குச் சேர்க்கப்படுகிறது. உணவில் சேரும்போது இ 551 என்ற எண்ணால் குறிப்பர். 1968-இல் வெர்னர் ஸ்டோபரும் அவர் தோழர் இருவரும், அளவில் ஒத்த உருண்டைச் சிலிக்காத் துகள்களைக் கரைசலில் வளர்க்கும் வழியை வெளியிட்டனர். 50 நானோமீட்டருக்குக் குறைந்தது முதல் 2,000 நானோமீட்டர் வரை வேண்டிய அளவில் அவை கிடைத்தன. நானோமீட்டர் என்பது மில்லிமீட்டரில் பத்து இலட்சத்தில் ஒரு பங்கு. ஸ்டோபர் யார்? காற்றில் மிதக்கும் தூசியையும் அதனை மூச்சில் இழுப்பதன் விளைவையும் ஆராய்வதையே வாழ்நாட் பணியாகக் கொண்டவர். பின்னர் ஹனோவரில் அதற்கென அமைந்த ஆய்வு நிலையத்துக்குத் தலைவரானவர். மருந்தேற்றும் துகள்களை இன்று செய்வோர் பலரும் பின்பற்றுவது தூசி ஆராய்ந்தவரின் செய்முறையை! இந்த வரலாற்றில் இதனினும் வியப்பான திருப்பம் வேறில்லை.

1992-இல் மோபில் எண்ணெய் நிறுவனத்தார், தேனடைபோல் ஒழுங்காகத் துளைகள் அமைந்த எம்.சி.எம்.-41 என்னும் சிலிக்காவைச் செய்தனர். அவர்களின் நோக்கம் எண்ணெய் பிரித்தல். அதன் ஒரு கிராமின் உட்பரப்பையெல்லாம் விரித்தால் 1,000 சதுர மீட்டர், அதாவது ஏறத்தாழக் கால் ஏக்கர் வரும். 2001-இல் மாட்ரிட் நகரின் மரியா வயே-ரெகி அம்மையார், அத்துளைகளில் இபுப்ரோஃபென் என்னும் வலிநீக்கியை நிரப்பி, அது மெல்ல மெல்ல வெளிவருவதைக் காட்டினார். மருந்தை அடக்கிவைத்து உரிய இடத்தில் விடுவிக்கும் கலம் ஒன்று இவ்வாறு வாய்த்தது.

சிங்கப்பூரும் இதில் பங்கு கொண்டது. தேசியப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜாங் யோங் குழுவினர் 2012-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று குறிக்கத்தக்கது. உடலை ஆழ்ந்து ஊடுருவும் அகச்சிவப்புக் கதிரைக் கண்புலனாகும் ஒளியாக மாற்றும் நுண்துகளுக்கு, அவர்கள் நுண்துளைச் சிலிக்காவால் போர்வை அணிவித்தனர். போர்வையின் துளைகளில் ஒளிபட்டால் வேலை செய்யும் மருந்துகளை ஏற்றினர். எலிகளின் புற்றுக் கட்டியில் அதைச் செலுத்தி, வெளியிலிருந்து கதிரைப் பாய்ச்சக் கட்டியின் வளர்ச்சி குன்றியது. எலியில் பலித்ததெல்லாம் மனிதனிடம் பலிப்பதில்லை. எனினும் சுமைதாங்கியாகச் சிலிக்கா எவ்வாறு பயன்படுகிறது என்பதற்கு இது நல்ல சான்று.

மனிதரிடத்தும் சோதனைகள் நடந்துள்ளன. கார்னெல் பல்கலைக்கழகத்தில் உல்ரிக் வீஸ்னர் குழுவினர் செய்த சிலிக்காப் புள்ளிகளை மனிதருக்குச் செலுத்திப் பார்க்க அமெரிக்க அரசின் மருந்துத் துறை 2011-இல் இசைவளித்தது. 2014-இல் வெளியான முதல் அறிக்கையில் இடம்பெற்றவர் ஐவரே. துகளின் அளவு 6, 7 நானோமீட்டர். சிறுநீரகம் வடிகட்டி வெளியேற்றும் அளவு அது. தீய விளைவு காணப்படவில்லை. 2019-இல் மற்றோர் ஆய்வில், சிலிக்காக் கருவின்மேல் பொன்முலாம் பூசிய துகள்கள், ஆண்மைச் சுரப்பியில் புற்று கண்ட 16 பேருக்குச் செலுத்தப்பட்டன. கதிரால் துகளைச் சூடேற்றிக் கட்டியை மட்டும் சுட்டழிப்பது நோக்கம். கடுமையான கேடு எவர்க்கும் நேரவில்லை. ஐவரும் பதினாறு பேரும் சிறு தொகை. இருபது முப்பது ஆண்டு கழித்துத் தோன்றும் தீங்கை இத்தகைய சோதனை காட்டாது. கோலாரில் நோய் வெளிப்பட எடுத்துக்கொண்ட காலத்தை அறிந்தவர்கள் இதை எளிதில் உணர்வர்.

எச்சரிக்கைக்குரிய சான்று ஜப்பானிலிருந்து 2011-இல் வந்தது. 70 நானோமீட்டர் சிலிக்காத் துகள்களைச் சினையுற்ற எலிகளின் குருதியில் செலுத்தியபோது, அவை நஞ்சுக்கொடியைக் கடந்து கருவை அடைந்தன, குட்டிகள் சிறுத்தன. 300 நானோமீட்டர், 1,000 நானோமீட்டர் துகள்கள் அவ்வாறு செய்யவில்லை. அதே 70 நானோமீட்டர் துகளின் மேற்பரப்பை வேறு வேதிக்கூறுகளால் மாற்றியமைத்தபோது அத்தீங்கு காணப்படவில்லை. ஆய்வில் செலுத்திய அளவு மிகப் பெரிது என்பதும் கருதத்தக்கது. அளவு, மேற்பரப்பு, செலுத்தும் வழி என்ற மூன்றையும் சொல்லாமல் சிலிக்கா நுண்துகள் பாதுகாப்பானதா எனக் கேட்பது, காட்டில் உள்ள பாம்பு கடிக்குமா என்று கேட்பது போலாகும். லியோன் நகரின் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 1997-இல் படிகச் சிலிக்காவின் தூசியைப் புற்றுநோய் விளைப்பவற்றின் முதற்பிரிவில் வைத்தது. படிகமல்லாததை மூன்றாம் பிரிவில் வைத்தது. மூன்றாம் பிரிவு என்பது குற்றமற்றது என்ற தீர்ப்பன்று. வகைப்படுத்தப் போதிய சான்று இல்லை என்பதே அதன் பொருள். செய்தித்தாள்களில் இது அடிக்கடி பிழைபடுகிறது.

மருந்துக்கூடத்தில் இத்துணை நுணுக்கமாக ஆராயப்படும் பொருள், கட்டடம் எழும் இடங்களில் முகமூடியின்றி இழுக்கப்படுவதும் உண்டு. காங்கிரீட்டில் மணலும் சல்லியும் உள்ளன. அதனை அறுத்தாலும் துளைத்தாலும் எழுவது படிகச் சிலிக்காத் தூசியே. ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் சிராங்கூன் சாலையிலும் தேக்காவிலும் கூடும் தமிழ்நாட்டுத் தொழிலாளர் பலர் அவ்வேலை செய்பவர்கள். நீர் தெளித்து அறுத்தல், எழும் தூசியைக் கருவியே உறிஞ்சிக்கொள்ளச் செய்தல், முகத்தில் சரியாகப் பொருந்தும் வடிகட்டி அணிதல் ஆகியவை செலவு மிகுந்த வழிகளல்ல. வாயில் கைக்குட்டை கட்டிக்கொள்வது போதாது. ஐந்து மைக்ரோமீட்டர் துகளுக்குக் கைக்குட்டையின் நெய்தல் திறந்த வாசல். தொழிலிடக் காற்றில் இத்தூசியின் உச்ச அளவை 2016-இல் அமெரிக்க அரசு ஒரு கன மீட்டருக்கு 0.05 மில்லிகிராம் எனக் குறைத்தது.

சமையலறை மேடைகளுக்காகப் படிகக்கல் தூளைப் பிசினால் இறுக்கிச் செய்யும் செயற்கைப் பலகைகள் அண்மைக் காலத்தில் பல நாடுகளில் பரவின. அவற்றில் 90 விழுக்காட்டுக்கு மேலும் படிகச் சிலிக்கா இருக்கக்கூடும். அவற்றை அறுத்த இளைஞர்கள் சில ஆண்டுகளிலேயே மூச்சிழந்து வீழ்ந்தனர். ஆஸ்திரேலியா 2024 ஜூலை 1 முதல் அப்பலகைகளைச் செய்வதையும் விற்பதையும் பொருத்துவதையும் தடை செய்தது. உணவில் சேரும் சிலிக்காவின் நுண்துகள்களைப் பற்றிப் போதிய செய்தி இல்லையென்று 2018-இல் கூறியிருந்த ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம், அதே 2024-ஆம் ஆண்டின் அக்டோபரில், இப்போது பயன்படும் அளவில் இ 551 கைக்குழந்தைகள் உட்பட எவர்க்கும் கவலை தருவதன்று என்று அறிவித்தது.